ஒரு பெட்டி, நான்கு வேலை: பேட்டைப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பேட்டையிலும் சுத்தமல்லியிலும் சேரன்மகாதேவி சாலை நெடுகவும் வெல்டிங் பட்டறை நடத்தும் அண்ணாச்சிகளுக்கும், பேட்டை அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும்,

இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினாலும் லேசில் நகராத டிரான்ஸ்பார்மர் பெட்டியை வைத்துக்கொண்டுதான் இந்த வட்டாரம் இத்தனை காலம் கேட்டும் கிரில்லும் அடித்தது. தொளி உழவுக்கான கேஜ் வீல், வாழைத்தார் ஏற்றும் டிரெய்லர், மாடிப்படிக் கைப்பிடி எல்லாமே அந்தப் பெட்டியின் உபயம். இப்போது அதன் பக்கத்தில், சில பட்டறைகளில் அதன் இடத்திலேயே, ஒரே ஆள் தூக்கிப் போகக்கூடிய இன்வெர்ட்டர் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. 'த்ரீ இன் ஒன்', 'ஃபோர் இன் ஒன்' என்று சொல்லிக் கடைக்காரர் விற்கிறார். ராடு வெல்டிங், சிஓ2 வெல்டிங், ஆர்கான் வெல்டிங், கேஸ் இல்லாத வயர் வெல்டிங் நான்கும் ஒரே பெட்டியில். முன்பக்கத் திருகைத் திருப்பினால் விளக்கு மாறுகிறது. வேலையும் மாறிவிட்டது என்று வாங்கியவர் நம்பிவிடுகிறார்.

அந்த நம்பிக்கையைப் பற்றியதுதான் இம்மடல். திருகு மாற்றுவது பெட்டிக்குள் மின்சாரம் நடந்துகொள்ளும் விதத்தை மட்டும். போலாரிட்டி, கேஸ், வயர், ரோலர், டிப், எர்த் என்று வெளியே கையால் மாற்ற வேண்டியவை எல்லாம் முந்தைய வேலையில் இருந்தபடியே இருக்கும். பழைய பெட்டியில் தப்பு செய்வதற்கான இடம் குறைவு. ஆம்பியர் கூடியது, குறைந்தது என்பதோடு முடிந்துவிடும். புதுப் பெட்டியில் தப்பு ஆறு இடத்தில் நுழையலாம். அதில் பாதி, வேலை முடிந்து வண்டி ரோட்டில் ஓடும்போதுதான் தெரியவரும்.

இந்தப் பெட்டிக்குள் மூன்று காலங்கள் குடியிருக்கின்றன. பூச்சு பூசிய ராடு, ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் கப்பல் பாய்லர்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கர் செல்பெர்க் கொண்டுவந்தது. அவர் 1904-ல் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் இந்தியத் தலைமையகம் இன்று சென்னையில் இருக்கிறது. ஆர்கான் வெல்டிங் 1940-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் மெக்னீசியத்தை ஒட்டவைக்க வழி தேடிய ரஸ்ஸல் மெரிடித்தின் கையில் உருப்பெற்றது. வயர் தானாக ஓடிவரும் முறை 1940-களின் கடைசியில் வந்தது. விலை குறைந்த சிஓ2 வாயுவை அதற்குப் பயன்படுத்தலாம் என்று 1950-களில் தெரிந்த பிறகுதான் சாதாரணப் பட்டறைக்குள் நுழைந்தது. வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு ஆட்கள் கண்டுபிடித்த முறைகள் இவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கவழக்கம் உண்டு. ஒரே பெட்டிக்குள் அடைத்ததால் அந்தப் பழக்கங்கள் மாறிவிடவில்லை.

பெட்டியை வாங்குமுன் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் பிளக்கை. இதைத்தான் பலர் கடைசியாகப் பார்க்கிறார்கள். ராடு வெல்டிங்கில் 100 ஆம்பியர் ஓடும்போது ஆர்க்கின் அழுத்தம் சுமார் 24 வோல்ட், அதாவது 2.4 கிலோவாட். பெட்டிக்குள் வீணாகும் மின்சாரத்தையும், சாதாரண இன்வெர்ட்டர்களின் குறைந்த பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து 17 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கின் எல்லை அங்கேயே முடிந்துவிட்டது. '200' என்று எழுதிய பெட்டியில் 200-ஐயும் எடுக்க வேண்டுமானால் 40 ஆம்பியரைத் தாங்கும் தனி லைன், அதற்கேற்ற எம்சிபி, ஒழுங்கான எர்த் எல்லாம் வேண்டும். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே போட்டு வெல்டிங் அடித்தால் சுருளுக்குள் சூடேறி உறை உருகும். பெட்டிக்குப் போய்ச்சேரும் வோல்டேஜும் குறையும். ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால், ராடு விற்ற கடையைத் திட்டுமுன் வயரைத் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது டியூட்டி சைக்கிள். பெட்டியின் பின்பக்கத் தகட்டில் 200 ஆம்பியருக்கு நேராக 60 சதவீதம் என்று இருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்று பொருள். அதே 200-க்கு நேராக 30 சதவீதம் என்று போட்ட பெட்டியும் பக்கத்திலேயே விலை குறைவாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவது பணத்தைத் தொலைக்கும் வழி. ஓய்வே இல்லாமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: 60 சதவீதப் பெட்டி சுமார் 155, 30 சதவீதப் பெட்டி சுமார் 110. ஐஇசி 60974-1 என்ற உலகத் தரவிதி, இந்த அளவை 40 டிகிரி வெப்பத்தில் சோதிக்கச் சொல்கிறது. நெல்லையில் சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, 40 என்பது பட்டறைக்குள் தொடக்கம்தான். ஆகவே பெட்டியைக் கூரை தாழ்ந்த மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி வைக்கக் கூடாது. பின்பக்க ஃபேன் மூச்சுவிட ஓர் அடி இடம் வேண்டும்.

கிரைண்டர் தூசியும் அதே ஃபேன் வழியாகத்தான் உள்ளே போகிறது. இரும்புத் துகள் மின்சாரத்தைக் கடத்தும். சர்க்யூட் போர்டில் படிந்து, ஈரமும் சேர்ந்தால் ஒரு நாள் வெடிச்சத்தம் கேட்கும். கிரைண்டர் அடிக்கும் திசையில் பெட்டி இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சற்று நேரம் கழித்துக் காய்ந்த காற்றால் ஊதிவிடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை கடந்து நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தது. தண்ணீரில் நின்ற டிரான்ஸ்பார்மர் பெட்டியை வெயிலில் வைத்து, சோதித்துப் பார்த்து மறுபடியும் ஓட்டிவிட வாய்ப்புண்டு. தண்ணீரில் நின்ற இன்வெர்ட்டருக்கு அந்த வைத்தியம் போதாது. உள்ளே திறந்து, சேற்றைக் கழுவி, போர்டைக் காயவைத்து, தெரிந்தவர் சோதிக்கும் வரை சுவிட்சைத் தொடக் கூடாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேடையில் வைத்தால் பாதிக் கவலை போகும்.

இனி போலாரிட்டி. பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் வயர் சுருளுக்குப் பக்கத்தில், பிளஸ் ஒன்று மைனஸ் ஒன்றாக இரண்டு செம்புத் திருகுகள் தெரியும். சில பெட்டிகளில் இதையே முன்பக்கத்தில் தொங்கும் குட்டை கேபிளாக வைத்திருப்பார்கள். டார்ச் எந்தப் பக்கம், எர்த் எந்தப் பக்கம் என்பதை இந்த இடம்தான் தீர்மானிக்கிறது. முன்பக்கத் திருகுக்கு இதில் அதிகாரம் கிடையாது. கேஸோடு ஓடும் சாதாரண வயருக்கு டார்ச் பிளஸ். கேஸ் இல்லாமல் ஓடும் பவுடர் வயருக்கு டார்ச் மைனஸ். ஆர்கானுக்கு டார்ச் மைனஸ். 6013 ராடு இரண்டு பக்கமும் எரியும். 7018 ராடுக்கு ஹோல்டர் பிளஸ்.

இதில் ஒன்று மாறினால் என்ன ஆகும்? கேஸ் இல்லாத வயரை பிளஸ்ஸில் ஓட்டினால் பொறி நாலாபக்கமும் தெறிக்கும், தையல் புடைத்து மேலே உட்காரும், உள்ளே இறங்காது. "வயர் சரியில்லை" என்ற புகாரோடு அந்தச் சுருள் மூலையில் போய்விடும். ஆர்கான் டார்ச்சை பிளஸ்ஸில் மாட்டினால் வெப்பத்தின் பெரும்பங்கு டங்ஸ்டன் பக்கம் போகும். கூராகத் தீட்டிய முனை சில நொடிகளில் உருண்டு, துளியாகத் தையலுக்குள்ளேயே விழும். துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியில் அப்படி விழுந்த துளியை எடுக்கக் கிரைண்டர்தான் வழி. பெட்டிக்கு மேலே சுவரில் இந்த ஐந்து வரியை ஆயில் பெயின்டில் எழுதி வைத்தால் ஒரு நாள் கூலிக்கும் குறைவான செலவில் பல சுருள் வயர் மிஞ்சும்.

வயர் மாட்டுவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வரும் 16, 18 கேஜ் ஸ்கொயர் டியூபுக்கு 0.8 மி.மீ. வயர் பொருத்தம். ரோலரில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். விளிம்பில் பொறித்த எண்ணைப் பார்த்து 0.8 பள்ளம் வயருக்கு நேராக வரும்படி மாட்ட வேண்டும். சாதாரண வயருக்கு ஆங்கில 'வி' வடிவப் பள்ளம், பவுடர் வயருக்குச் சொரசொரப்பான பள்ளம், அலுமினிய வயருக்கு வளைந்த பள்ளம். பவுடர் வயர் உள்ளே கூடான குழாய். வழவழப்பான ரோலரில் அது வழுக்குகிறது என்று திருகை இறுக்கினால் நசுங்கிவிடும். வயரின் முனையை வெட்டும்போது சுருளைக் கையில் பிடித்தபடி வெட்டாவிட்டால், ஒரு நொடியில் ஐந்தாறு சுற்று அவிழ்ந்து சிக்காகும். முனையை அரத்தால் மழுக்கிவிட்டு லைனருக்குள் விட வேண்டும். கூரான முனை லைனரைக் கீறும். டார்ச் கேபிளைத் தரையில் நேராக நீட்டி, டிப்பைக் கழற்றிவிட்டு வயரை ஓட்டி, முனை வெளியே வந்த பிறகு டிப்பை மாட்டலாம். டிப்பிலும் 0.8 என்றுதான் பொறித்திருக்க வேண்டும்.

ரோலர் இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு மரக்கட்டைக்கு இரண்டு அங்குலம் தள்ளி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வயர் கட்டையில் மோதி வளைந்துகொண்டே வெளியே வந்தால் சரி. மோதியதும் நின்று ரோலர் வழுக்கினால் இறுக்கம் போதாது. சுருளின் பிரேக்கையும் பார்க்க வேண்டும்: பொத்தானை விட்டதும் சுருள் நிற்க வேண்டும், சுற்றிக்கொண்டே இருந்தால் வயர் தளர்ந்து பக்கத்துச் சுற்றில் மாட்டும். சிஓ2 வெல்டிங்கில் வரும் தொல்லையில் பெரும்பாதி ஆர்க்கில் பிறப்பதில்லை. டிப்புக்கும் சுருளுக்கும் நடுவே பிறக்கிறது.

பல பெட்டிகளில் இப்போது 'சினெர்ஜிக்' என்றொரு வசதி வருகிறது. தகட்டின் கனத்தையும் வயரின் அளவையும் சொன்னால் வோல்டேஜையும் வயர் வேகத்தையும் பெட்டியே ஜோடி சேர்த்துக்கொள்ளும். நல்ல வசதிதான், புதிதாகப் பழகுபவருக்கு நல்ல தொடக்கம். ஆனாலும் வயர் வேகம்தான் ஆம்பியர், வோல்டேஜ்தான் ஆர்க்கின் நீளம் என்ற உறவு கைக்குப் புரிந்திருக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டுக்கு 0.8 வயரில் சுமார் 100 முதல் 120 ஆம்பியர், 18 முதல் 20 வோல்ட். வோல்டேஜ் குறைந்தால் வயர் தகட்டில் முட்டி டார்ச்சைப் பின்னால் தள்ளும். கூடினால் வயர் முனையில் பெரிய குண்டு தொங்கும், டிப்பில் ஒட்டிக்கொள்ளும். சரியாக அமைந்த சிஓ2 ஆர்க் விட்டுவிடாமல் படபடவென்று ஒரே சீராகப் பொரியும். பழகியவர் மீட்டரைப் பார்க்காமல் காதால் கேட்டே திருகை நகர்த்துவார்.

இனிச் சொல்லப்போவதுதான் இம்மடலின் முக்கியமான இடம். ராடு வெல்டிங்கில் ஆம்பியர் குறைந்தால் ராடு ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சிஓ2 அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆம்பியர் போதாவிட்டாலும் வயர் ஓடிவந்துகொண்டே இருக்கும், உருகிய உலோகம் தகட்டின் மேல் வழிந்து அழகாக உறையும். பார்க்கப் பளபளவென்று ஒரே அளவான தையல். அடியில் தகடு உருகவே இல்லை. அதை ஒட்டல் என்று சொல்லலாம், வெல்டிங் என்று சொல்ல முடியாது. 10 மி.மீ. தகட்டில் சிறிய பெட்டியை வைத்து ஒரே ஓட்டத்தில் அடித்த டிரெய்லர் கொக்கி இந்த வகை. 18 கேஜ் டியூபில் அதே பெட்டி பிரமாதமாக வேலை செய்ததால் வந்த துணிச்சல் அது. கனத் தகட்டுக்கு விளிம்பைச் சாய்த்துத் தீட்டி, ராடில் பல ஓட்டமாகப் போடுவதே இந்த அளவுப் பெட்டிக்கு ஏற்ற வேலை. அதே பெட்டிதான், முறையை மட்டும் மாற்றினால் போதும். மாற்றத் தோன்ற வேண்டும்.

எந்தப் பட்டறையிலும் காசில்லாமல் செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. அதே கனத்தில் இரண்டு துண்டுத் தகட்டை 'டி' வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் தையல் போட்டு, ஆறவிட்டு, வைஸில் பிடித்துத் தையல் இருக்கும் பக்கம் மடங்கும்படி சுத்தியலால் அடியுங்கள். தையல் கிழிந்து சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக உடைந்தால் உலோகம் சேர்ந்திருக்கிறது. தகட்டின் பழைய முகம் உருகாமல் வழவழப்பாகத் தெரிய, தையல் முழுசாகப் பெயர்ந்து வந்தால் திருகின் இடம் தப்பு. புது வயர், புதுத் தகடு, புது முறை எது வந்தாலும் வாடிக்கையாளரின் பொருளைத் தொடுமுன் ஒரு துண்டை இப்படி உடைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

கேஸ் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு பாடம் உண்டு: காற்று. ஆனியிலிருந்து ஆவணி முடிய ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் மேல்காற்று, மலையடிவாரக் காற்றாலைகளை மட்டும் சுற்றுவதில்லை. பட்டறை வாசலில் சிஓ2 அடிப்பவரின் கேஸையும் அள்ளிக்கொண்டு போகிறது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமான விதி, மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் இடத்தில் மறைப்பு இல்லாமல் சிஓ2, ஆர்கான் போன்ற கேஸ் வெல்டிங் செய்யக் கூடாது என்கிறது. அது வேப்பிலை அசையும் காற்றுதான். ஆடி மாதக் காற்று அதைப் போலப் பல மடங்கு. தையல் முழுக்கப் புழு அரித்த மாதிரி ஓட்டை விழுந்தால் உடனே கேஸைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் நாசில் முனையில் சுழல் உண்டாகி வெளிக்காற்றை அதுவே உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். காற்றடிக்கும் நாளில் தார்ப்பாய் கட்டி மறைக்கலாம், இல்லையென்றால் ராடுக்கோ கேஸ் இல்லாத வயருக்கோ மாறிவிடலாம். நான்கு முறையை ஒரு பெட்டியில் வாங்கியதன் முழுப் பலன் ஆடி மாதத்தில்தான் கைக்கு வரும்.

சிலிண்டர் நிறத்தைப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். ஆர்கானுக்கு நீலம், சிஓ2-க்குக் கறுப்பு. ஆக்சிஜனும் கறுப்புதான். சங்கிலி போட்டு நிமிர்த்தித்தான் நிறுத்த வேண்டும். சிஓ2 உள்ளே திரவமாக இருப்பதால் வெளியே வரும்போது ரெகுலேட்டர் குளிர்ந்து உறையும், அதற்குத்தான் ஹீட்டர். பெட்டியின் பின்னால் ஹீட்டருக்கென்று 36 வோல்ட் சாக்கெட் இருந்தால், வாங்கும் ஹீட்டரும் 36 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. 7 கன மீட்டர் ஆர்கான் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 700 நிமிடம் வரும். கசிவு இருந்தால் ராத்திரியோடு தீர்ந்துவிடும். குறைந்த விலைப் பெட்டிகள் சிலவற்றில் ஆர்கானுக்குத் தானியங்கி வால்வு கிடையாது. டார்ச்சிலேயே குமிழ் வால்வு வைத்ததைத்தான் வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் கையால் மூட வேண்டும்.

அலுமினியம் பற்றி ஒரு வார்த்தை. "ஆர்கான் இருக்கிறதே, அலுமினியம் அடிக்கலாம்தானே?" என்று கேட்டுப் பெட்டி வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; அதன் மேல் படர்ந்த ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைப்பது ஏசி மின்சாரத்தின் பிளஸ் அலை. 'டிசி டிக்', அதாவது டிசி ஆர்கான், மட்டும் கொண்ட பெட்டியில் துருப்பிடிக்காத எஃகு அருமையாக வரும், ஆர்கான் டார்ச்சில் அலுமினியம் வராது. பெட்டியில் 'ஏசி/டிசி' என்று எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். விற்பவர் அதைத் தானாகச் சொல்ல வேண்டும் என்பது இம்மடலின் எதிர்பார்ப்பு.

பிசான சாகுபடிக்கு முன்னால் ரோட்டவேட்டரும் கேஜ் வீலும் வரிசைகட்டி வரும் நாட்களில் எர்த் கிளாம்பை எங்கே மாட்டுவது என்பது பெரிய கேள்வி. டிராக்டரின் முன்பக்கத்தில் எர்த்தை மாட்டிவிட்டுப் பின்பக்கம் ரோட்டவேட்டரில் வெல்டிங் அடித்தால், மின்சாரம் நடுவிலுள்ள பேரிங் வழியாகப் போய் அதன் குண்டுகளில் பொத்தல் போடும். அடிக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பெயின்டைத் தீட்டிவிட்டு அங்கே மாட்டுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் எலெக்ட்ரானிக்ஸ் உள்ள புதிய வண்டியில் கை வைக்க வேண்டாம். சேற்றில் அடிவாங்கும் கேஜ் வீலுக்கும் பாரம் இழுக்கும் கொக்கிக்கும் 7018 ராடு நல்லது. ஆனால் அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தில் உள்ள ஹைட்ரஜன் தையலுக்குள் போய், மறுநாள் விரிசலாக வெளிவரும். பாக்கெட் பிரித்து வெளியே கிடந்த 7018-ஐ 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்டு எடுக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது போதாது. ஓவன் இல்லாத பட்டறைக்கு, சிறிய பாக்கெட்டாக வாங்கி அன்றே தீர்ப்பது வழி. மோட்டார் பம்பின் வார்ப்பிரும்பு உடல் வந்தால் நிக்கல் ராடு, குறைந்த ஆம்பியர், ஓர் அங்குலம் அடித்து ஆறவிட்டு மறுபடியும் ஓர் அங்குலம். அவசரக்காரருக்கு அந்த வேலையை ஒத்துக்கொள்ளவே கூடாது.

ஐடிஐ தம்பி, தங்கைகளுக்கு. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேறியவரே சேரலாம். அந்த ஓராண்டில் ராடு, கேஸ், சிஓ2, ஆர்கான் எல்லாம் பாடத்தில் உண்டு. வெளியே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட், வளைகுடா நாடுகள் என்று வேலை இருக்கும் இடங்கள் பலவும் சான்றிதழோடு கையையும் சோதிக்கும். 6ஜி என்ற தேர்வில் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். முதல் ஓட்டம் ஆர்கானில், மேலே நிரப்புவது 7018 ராடில் என்பது வழக்கமான முறை. டார்ச் மைனஸ், பிறகு ஹோல்டர் பிளஸ். ஒரே பெட்டியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பழக இதைவிட நல்ல கருவி கிடையாது. டங்ஸ்டனைத் தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் விழ வேண்டும். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் உண்டு. அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. சாம்பல் நிற முனையோ தங்க நிற முனையோ கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். மேலே படிக்க விரும்புவோருக்குத் திருச்சி பெல் வளாகத்தில் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வெல்டர்களுக்கான பயிற்சியும் அங்கே நடக்கிறது.

துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை அப்படியே அடித்தால் வெள்ளைப் புகை வரும். சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வரும். பூச்சைத் தீட்டிவிட்டு, காற்றோட்டத்தில் அடியுங்கள். தொட்டிக்குள்ளே இறங்கி ஆர்கானோ சிஓ2-வோ அடிப்பது உயிரைப் பணயம் வைப்பது: இரண்டும் காற்றைவிடக் கனமானவை, ஆக்சிஜனை மேலே தள்ளிவிட்டுக் கீழே தேங்கும், வாசனை எதுவும் வராது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு ஃபேனைச் சரியான திசையில் வைத்து, புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் போகச் செய்வது இன்றைக்கே முடியும். சிஓ2 அடிக்கும்போது அந்தக் காற்று கேஸைக் கலைக்காத தூரத்தில் ஃபேன் இருக்க வேண்டும்.

கடைசியாக, டாக் அடிக்கும்போது ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனைப் பற்றி. மேஸ்திரியிடம் ஷீல்டு இருக்கிறது. பையன் கண்ணை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சத்தம் நின்றதா என்று பார்க்கத் திறக்கும்போது அடுத்த டாக் விழுகிறது. ஆறேழு மணி நேரம் கழித்து, ராத்திரி படுத்த பிறகு கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தும், நீர் கொட்டும். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்த புண் அது. தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவதும் நம் பக்கத்து வழக்கம். வெந்த புண்ணில் அவை கிருமியைத்தான் சேர்க்கும். மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வது அதைவிட மோசம், கருவிழி ஆறாமல் போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும் என்றாலும், வலி குறையாவிட்டாலும் பார்வை மங்கினாலும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1988-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலியிலேயே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பாளையங்கோட்டையில் இருக்கிறது.

ஆர்க் பிறந்ததும் தானாகக் கறுக்கும் ஷீல்டு இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வருகிறது. கறுக்காத நேரத்திலும் அதன் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டே இருக்கும், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். இந்த நான்கு வேலைப் பெட்டிக்கு விலை பேசும்போது கடைக்காரரிடம் இரண்டு ஷீல்டையும் சேர்த்துப் பேசுங்கள்: ஒன்று அடிப்பவருக்கு, இன்னொன்று பிடிப்பவருக்கு. ஐடிஐ முடித்துப் பட்டறைக்கு வரும் தம்பி தங்கைகள் முதல் நாள் காலையிலேயே தங்கள் ஷீல்டு எது என்று கேட்க வேண்டும், அண்ணாச்சிகள் அதை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும்.